பதினாறாவது பெண்

நியூயார்க்
28 ஆகஸ்ட் 2008

அன்புள்ள அப்பாவுக்கு, தாஸ்யா எழுதுவது.

நான் நலம். இடது குதிகாலில் ஒரு கொப்புளம், மற்றபடி உடம்பில் குறை ஒன்றும் இல்லை. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அம்மா ரத்த அழுத்த மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா?

போன மாதம் ஃபோனில் நாம் போட்ட சண்டைக்குப் பிறகு அம்மா ஒரு சட்டம் போட்டுவிட்டாள். "மேட்ச் பத்தின பேச்செல்லாம் இனிமே கடுதாசில வெச்சுக்குங்க. ஃபோன் எனக்கு. அப்பாவும் பொண்ணும் மூணு நிமிஷம் சேர்ந்தாப்புல பேசி நான் பார்த்ததே இல்ல." அதனால்தான் இந்த ஹோட்டல் தாள்.

முதல் சுற்றிலேயே தோற்றேன். 7-5, 4-6, 5-7. செக் நாட்டுப் பெண். மூன்றாவது செட்டில் 5-4, என் சர்வீஸ், இரண்டு மேட்ச் பாயின்ட். ஒன்றை வலையில் அடித்தேன். இன்னொன்றில் அவள் அடித்த பந்து கோட்டைத் தொட்டது. அதற்கப்புறம் ஒரு கேம்கூட நான் எடுக்கவில்லை. எனக்குக் கொடுத்த ஆடுகளம் சாப்பாட்டுக் கடைகளுக்குப் பக்கத்தில். வறுத்த வெங்காய வாசனையில் சர்வீஸ் போட்டேன். பார்க்க நாற்பது பேர் இருந்திருப்பார்கள். அதில் பாதிப் பேர் கால் வலிக்கு உட்கார்ந்தவர்கள்.

அன்று நம் நாட்டுப் பெண்கள் ஏழு பேர் இரண்டாம் சுற்றுக்குப் போனார்கள். உலகத்தில் நான் எண்பத்து நாலாவது. ரஷ்யாவில் பதினாறாவது. நாட்டுக் குழுவுக்கு எடுப்பது நாலே பேரை. எனக்கு முன்னால் நிற்கிற பதினைந்து பேரில் ஒருத்திகூட எனக்குக் கெடுதல் செய்ததில்லை. மாஸ்கோவில் குழுவை எடுக்கிறவர்களும் அநியாயம் செய்யவில்லை. திட்டலாம் என்றால் ஆள் கிடைக்கவில்லை அப்பா. அதுதான் தாங்க முடியவில்லை.

அம்மாவுக்கு முத்தம். அடுத்து தாஷ்கண்ட் போகிறேன். அங்கே எழுதுங்கள், முகவரி பின்பக்கம்.

தாஸ்யா

~

இழெவ்ஸ்க்
18 செப்டம்பர் 2008

என் மகள் தாஸ்யாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே இருவரும் சுகம். முழங்கால் படியேறும்போது மட்டும் தன்னை ஞாபகப்படுத்துகிறது. தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டி முடித்தோம். எல்லாம் சின்னச் சின்னதாக வந்திருக்கிறது, ஜூலையில் மழை இல்லை. கொப்புளத்தைக் குத்தாதே, தானாக அமுங்கட்டும்.

உன் ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. பத்திரிகையில் எண்களைப் பார்த்தேன், அது போதும். 5-4-இல் முதல் சர்வீஸை மெதுவாகப் போட்டிருப்பாய். "உள்ளே விழுந்தால் போதும்" என்று நினைத்திருப்பாய். பதினோரு வயதில் பெர்மில் நடந்த போட்டியிலும் இதையேதான் செய்தாய். ஜெயிக்கப் போகிறவள் எதற்குத் திடீரென்று மரியாதைக்காரி ஆகிறாய் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

குழு விஷயமாக மாஸ்கோவுக்கு நான் எழுதியிருந்தேன். "உங்கள் மகளின் ஆட்டத்தைக் கவனித்து வருகிறோம்" என்று பதில் வந்திருக்கிறது. முத்திரை எல்லாம் குத்தி, ஒழுங்கான காகிதத்தில். நீ சிரிப்பாய். சிரி. 1974-இல் திபிலிசியில் இளைஞர் குழுவில் நான் மாற்று ஆட்டக்காரன். எட்டு நாள் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களின் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பந்துகூட அடிக்கவில்லை. ஆனாலும் அந்தச் சட்டை என் உடம்பில் இருந்தது. உனக்கும் வரும். நீ பெஞ்சில் உட்காரமாட்டாய்.

தாஷ்கண்டில் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி.

அப்பா

~

தாஷ்கண்ட்
12 அக்டோபர் 2008

அன்புள்ள அப்பாவுக்கு, தாஸ்யா.

உங்கள் கடிதம் எனக்கு முன்னால் ஹோட்டலுக்கு வந்து காத்திருந்தது. கொப்புளம் ஆறிவிட்டது. அம்மா அனுப்பிய கம்பளிக் காலுறையை இந்த வெயிலில் என்ன செய்வதென்று தெரியவில்லை, தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

இங்கே அரையிறுதிவரை வந்தேன். நன்றாகத்தான் ஆடினேன். காலிறுதியில் என்னை மைக்கில் அறிமுகப்படுத்தியவர், "ரஷ்யாவின் இர்குட்ஸ்க் நகரிலிருந்து" என்றார். நான் நடுவரிடம் போய், "இழெவ்ஸ்க்ங்க, இர்குட்ஸ்க் இல்ல" என்றேன். அவர் தாளைப் பார்த்தார். "ரெண்டும் அந்தப் பக்கம்தானேம்மா?" என்றார். இரண்டுக்கும் நடுவில் மூவாயிரம் கிலோமீட்டர் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது? போய் சர்வீஸ் போட்டேன்.

நீங்கள் சொன்னது சரி. 5-4-இல் மெதுவாகத்தான் போட்டேன். பார்க்காமலே எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று எரிச்சலாக வருகிறது.

ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். எங்களில் சிலரை வேறு நாட்டுக்காக ஆடக் கூப்பிடுகிறார்கள். ஒரு பெண் போய்விட்டாள், இன்னொருத்தி யோசிக்கிறாள். உங்கள் மாணவி ஒருத்தி இப்படி வந்து கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அம்மாவை ரொம்ப உப்பு போடவேண்டாம் என்று சொல்லுங்கள். அடுத்த மாதம் அல்மாத்தியில் பயிற்சி. அங்கே எழுதுங்கள்.

தாஸ்யா

~

இழெவ்ஸ்க்
2 நவம்பர் 2008

என் மகள் தாஸ்யாவுக்கு அப்பா.

நாங்கள் சுகம். அம்மாவுக்கு உப்புப் பற்றிச் சொன்னேன். "உங்க பொண்ணு சூப்புல வந்து எட்டிப் பார்த்தாளா?" என்கிறாள். முதல் பனி விழுந்துவிட்டது. நேற்றோடு வெளி ஆடுகளத்தைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்கூட உள்ளரங்குக்கு மாறினோம். மரத்தரை, பந்து வழுக்கிக்கொண்டு வரும். ஆறு வயதில் உன்னை வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் கூட்டிவந்து அந்தத் தரையில்தான் விட்டேன். இன்றும் நீ பந்தைச் சீக்கிரமாக அடிப்பது அதனால்தான்.

மாணவி யாராவது வந்து கேட்டால் என்ன சொல்வேன் என்று கேட்டாய். முதலில் அவள் என் கண்ணைப் பார்த்துக் கேட்கிறாளா என்று பார்ப்பேன்.

ஒரு பேச்சுக்குக் கேட்டால் ஒரு பேச்சுக்குத்தான் பதில் சொல்லமுடியும். நேராகக் கேட்டால் நேராகச் சொல்வேன். வேறு எழுத ஏதாவது இருந்தால் எழுது. நான் இங்கேதான் இருக்கிறேன்.

அரையிறுதிக்கு வாழ்த்துகள். இரண்டாவது செட் 1-6. அங்கே என்ன நடந்தது?

அப்பா

~

அல்மாத்தி
20 நவம்பர் 2008

அன்புள்ள அப்பாவுக்கு, தாஸ்யா.

நலம். இங்கே மலை தெரிகிற ஜன்னல் இருக்கிறது. உங்கள் முழங்காலுக்கு அந்த மெழுகுக் களிம்பு தேய்க்கிறீர்களா? அம்மாவுக்கு ஆப்பிள் வாங்கி வைத்திருக்கிறேன், யாராவது வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

நேராகக் கேட்கச் சொன்னீர்கள், கேட்கிறேன். இந்தக் கஜகஸ்தானின் டென்னிஸ் சங்கத்திலிருந்து யெர்லான் என்று ஒருவர் செப்டம்பரிலிருந்து என்னிடம் பேசிவருகிறார். அவர்களுக்காக ஆடச் சொல்கிறார்கள். வருஷம் முழுக்க ஆறு உள்ளரங்க ஆடுகளங்கள், கூடவே பயணம் செய்ய ஒரு கோச், தசை பிடித்துவிட ஆள். இதுவரைக்கும் என் தோளை நானே கதவு நிலையில் தேய்த்துக்கொண்டிருந்தேன் அப்பா. யெர்லான் சொன்னார்: "உங்க ஊர்ல நீங்க பதினாறாவது. எங்க ஊர்ல முதல் ஆளு. இதுல யோசிக்க என்ன இருக்கு?" அவர் அதை அலட்டலாகச் சொல்லவில்லை. விலைப்பட்டியலைப் படிக்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

நான் இன்னும் எதுவும் முடிவு சொல்லவில்லை. உங்கள் யோசனையைக் கேட்காமல் சொல்லவும் மாட்டேன். எழுதுங்கள்.

தாஷ்கண்டில் இரண்டாவது செட்டில் ஒன்றும் நடக்கவில்லை. களைத்துப்போனேன்.

தாஸ்யா

~

இழெவ்ஸ்க்
14 டிசம்பர் 2008

தாஸ்யாவுக்கு அப்பா.

சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

குளம் நன்றாக உறைந்துவிட்டது. பனியில் துளை போட்டு மீன் பிடிக்கிறவர்கள் விடியும் முன்பே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். உள்ளரங்கின் கூரை ஒழுகுகிறது. சர்வீஸ் கோட்டில் வாளி வைத்து ஆடுகிறோம். பிள்ளைகளுக்கு வாளியைக் குறிபார்க்கப் பிடித்திருக்கிறது, நானும் விட்டுவிட்டேன்.

உனக்கு இருபத்து மூன்று வயது. படித்தவள். நான் சொல்ல ஒன்றும் இல்லை.

அம்மா பெரெபெச்சா அப்பம் சுட்டாள், காளான் வைத்து. உன் பங்கையும் நான் சாப்பிட்டேன்.

அப்பா

~

மெல்பர்ன்
22 ஜனவரி 2009

அன்புள்ள அப்பாவுக்கு, தாஸ்யா.

புத்தாண்டு வாழ்த்துகள் தாமதமாக. நான் நலம், இங்கே நாற்பது டிகிரி, ஷூவின் அடிப்பாகம் இளகுகிறது. அங்கே மைனஸ் முப்பது என்று அம்மா ஃபோனில் சொன்னாள். வெளியே போகும்போது மார்பை மூடிக்கொள்ளுங்கள்.

பத்திரிகையில் என் பெயரைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருந்த நாட்டையும் பார்த்திருப்பீர்கள். டிசம்பர் கடைசியில்தான் முடிவு செய்தேன். உங்கள் கடிதத்தில் வேண்டாம் என்று இல்லை. அதனால் சரி என்று எடுத்துக்கொண்டேன். தவறாக எடுத்துக்கொண்டேன் என்றால் சொல்லுங்கள்.

முதல் சுற்றில் ஜெயித்தேன், 6-3, 6-4. இரண்டாவதில் இருபதாம் இடத்துக்காரியிடம் மூன்று செட் போய்த் தோற்றேன். அந்த மேட்சில் மேல் வரிசையிலிருந்து ஒரு ஆள், ரஷ்ய மொழியில், நான் சர்வீஸ் போடப் பந்தைத் தட்டும்போதெல்லாம் கேட்டான்: "ஏம்மா, இப்ப நீ யார் வீட்டுப் பொண்ணு?" நாலு முறை. ஐந்தாவது முறை நான் நிமிர்ந்து பார்த்தேன். நல்ல வயசாளி, தலையில் பேப்பர் தொப்பி. என் பக்கம் கையாட்டினான். இரண்டு டபுள் ஃபால்ட் போட்டேன்.

கெட்ட வார்த்தையாவது எழுதுங்கள். ஏதாவது எழுதுங்கள்.

தாஸ்யா

~

அல்மாத்தி
24 பிப்ரவரி 2009

அன்புள்ள அப்பாவுக்கு.

எல்லோரும் சுகமா? நான் சுகம்.

உங்களிடமிருந்து கடிதம் வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. அம்மாவிடம் கேட்டால், "நல்லா சாப்பிடுறார், நல்லா தூங்குறார், வேலைக்குப் போறார். பேச்சுதான் இல்ல" என்கிறாள். பிறகு என்னிடமும் வானிலையைப் பற்றிப் பேசுகிறாள்.

பெண்கள் குழுப் போட்டியில் ஆடினேன். முதல் நாள், முதல் ஆளாக. இரண்டு மேட்சும் ஜெயித்தேன். தேசிய கீதம் போட்டபோது கூட நின்ற மூன்று பெண்களும் பாடினார்கள். எனக்கு வார்த்தை தெரியாது. தரையைப் பார்த்தால் தப்பாகத் தெரியும், கொடியைப் பார்த்தாலும் எனக்கே என்னவோ போல் இருந்தது. வலைக் கம்பத்தின் மேல் இருந்த திருகாணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அப்பா, முடிந்ததும் இரண்டாயிரம் பேர் என் பெயரைச் சொன்னார்கள். என் பெயரைத்தான். எந்த ஊர் என்று யாரும் தப்பாகச் சொல்லவில்லை.

இதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

தாஸ்யா

~

இழெவ்ஸ்க்
9 மார்ச் 2009

என் கண்ணு தாஸ்யாவுக்கு அம்மா ஃபைனா எழுதுவது.

நான் நலம், அழுத்தம் நூற்று ஐம்பதில் நிற்கிறது. நீ குளிர்ந்த தரையில் வெறுங்காலோடு நடக்காதே. இந்தக் கடிதம் எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது. அவர் பிள்ளைகளோடு போட்டிக்குப் போயிருக்கிறார்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். போன வாரம் நாங்கள் படியேறி வரும்போது மூன்றாம் மாடி ஸ்தெபான் வாசலில் நின்று புகைபிடித்துக்கொண்டிருந்தான். உன் பெயர் பத்திரிகையில் வந்ததிலிருந்தே அவனுக்கு நாக்கு அரிப்பு.

"என்ன வெனியமின் இவானிச், பொண்ணைப் பக்கத்து நாட்டுக்குக் கட்டிக் கொடுத்துட்டீங்களாமே? பரிசமா குதிரை ஏதாவது வந்துச்சா?"

அப்பா நின்றார். "ஒண்ணு வந்திருக்கு ஸ்தெபான். உன்னை அதுல ஏத்தி அனுப்பத்தான் நல்ல நாள் பார்த்துட்டிருக்கேன்" என்றார். மேலே வந்து கதவைச் சாத்தினார். கோட்டைக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்தார். எனக்கும் பொறுமை போய்விட்டது.

"ஊர்க்காரன்கிட்ட மட்டும் வாய் இருக்கு. பெத்த பொண்ணுக்கு ஒரு வரி எழுதினா கை தேஞ்சு போயிடுமா? அவ உங்ககிட்ட யோசனை கேட்டாளா இல்லையா? நீங்க பதில் சொல்லலை, அவ போயிட்டா. இப்ப எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறீங்க?"

அவர் எழுந்துபோய்ப் பீரோவிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். உன்னை விடுவிக்கிறோம் என்கிற சம்மதப் பத்திரத்தின் நகல். நம் மாநில விளையாட்டு அலுவலகம் வழியாக வந்தது. முதல் கோச் கையெழுத்துப் போட வேண்டுமாம். கீழே அவர் கையெழுத்து இருந்தது, அக்டோபர் 27. அதற்கு மேலே உன் கையெழுத்து. அக்டோபர் 9.

"அவ என்கிட்ட 'ஒரு பேச்சுக்கு'ன்னு எழுதினது பன்னிரண்டாம் தேதி" என்றார். "கையெழுத்துப் போட்டு மூணு நாள் கழிச்சு."

அவ்வளவுதான் சொன்னார். இத்தனை நாள் என்னிடம்கூட மூச்சு விடவில்லை. தாஸ்யா, உன்னைக் குற்றம் சொல்ல நான் எழுதவில்லை. அவர் செய்ததும் சரி என்று சொல்லமாட்டேன். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் இருபது வருஷமாக நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து கழுத்து வலித்துவிட்டது. இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா

~

அல்மாத்தி
30 மார்ச் 2009

அப்பாவுக்கு.

உங்கள் உடல்நிலையை அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அம்மா எழுதிவிட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆமாம், ஒன்பதாம் தேதி கையெழுத்துப் போட்டேன். தாஷ்கண்ட் ஹோட்டலில், காலை உணவு மேஜையில், யெர்லான் பேனாவை நீட்டினார். ஜாம் பாட்டிலை நகர்த்திவிட்டுப் போட்டேன். பிறகு உங்களுக்கு எழுத உட்கார்ந்தபோது கை வரவில்லை. "போட்டுவிட்டேன்" என்று எழுதினால் நான் போனதாக ஆகும். நீங்கள் "போ" என்று சொல்லி நான் போனதாக இருந்தால் நாம் இரண்டு பேரும் சேர்ந்து போனதாக ஆகும். அதற்காகத்தான் கேட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தேன். வெட்கமாக இருக்கிறது. என்னை மன்னியுங்கள்.

ஆனால் நீங்கள் செய்ததையும் சொல்லவேண்டும். நவம்பரில் உங்களுக்கு எல்லாம் தெரியும். "இன்னும் முடிவு சொல்லவில்லை" என்று நான் எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குக் கூரை ஒழுகுவதைப் பற்றி எழுதினீர்கள். நான் பொய்மேல் பொய்யாக எழுத எழுத நீங்கள் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். பத்து வயதில் நான் பந்து வெளியே விழுந்ததை உள்ளே என்று சொன்னபோது நீங்கள் ஆட்டத்தை நிறுத்தி, எல்லார் முன்னாலும் காதைத் திருகினீர்கள். இப்போது ஏன் நிறுத்தவில்லை? ஒரு வரி போதுமே. "எனக்குத் தெரியும் தாஸ்யா" என்று.

இங்கே என் கோச்சுடன் சரிப்படவில்லை. நல்ல மனிதர், நான் என்ன செய்தாலும் "பிரமாதம்" என்கிறார். யெர்லானிடம் பேசினேன். நீங்கள் வரச் சம்மதித்தால் உங்களையே வைத்துக்கொள்கிறார்கள். வீடும் தருவார்கள், இரண்டு அறை. அம்மாவும் வரலாம். வாருங்கள் அப்பா.

தாஸ்யா

~

இழெவ்ஸ்க்
19 ஏப்ரல் 2009

என் மகள் தாஸ்யாவுக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் சுகம். டாக்டர் மாத்திரையை மாற்றியிருக்கிறார், அழுத்தம் இறங்கியிருக்கிறது. குளத்தில் பனி உடைய ஆரம்பித்துவிட்டது. உன் தோள் எப்படி இருக்கிறது என்று எழுது. மார்ச்சில் இரண்டு மேட்சில் மூன்றாவது செட்டில் 1-6 பார்த்தேன், தோளாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டாய். ஒவ்வொரு கடிதம் வரும்போதும் இதில் சொல்லியிருப்பாய் என்று நினைத்துத்தான் பிரித்தேன். நீ வாயைத் திறந்து சொன்னால் "போய் நன்றாக ஆடு" என்று எழுத என்னிடம் வார்த்தை தயாராக இருந்தது. நீ கேள்வி கேட்டாய். போகலாமா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. தெரியும் என்று முந்திக்கொண்டு சொல்லியிருக்கலாம். அது என் பிடிவாதம். அதற்கு நான்தான் வருத்தப்படவேண்டும், வருத்தப்படுகிறேன்.

நான் வரவில்லை. கோபத்தில் சொல்லவில்லை. இங்கே பதினான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள், அது ஒன்று. இன்னொன்று, நீ ஜெயிக்கும்போது நான் எழுந்து நிற்கவேண்டும், அந்த நேரத்தில் என் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியவில்லை. அதை நீ பார்க்கவேண்டாம். அம்மாவுக்கு ஜூன் மூன்றாம் தேதி ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், யெகாதெரின்பர்க்கில் மாறவேண்டும். எனக்கு எடுக்கவில்லை. "நீங்களும் வந்தா என்ன, அங்கே உங்களைக் கடிச்சா தின்னுடுவாங்க?" என்று தினமும் கேட்கிறாள். அடுத்த வருஷம் பார்க்கலாம். உன் கோச்சிடம், "பிரமாதம்" என்று சொல்வதற்கு முன்னால் பத்து வரை எண்ணச் சொல்.

உன் அம்மாவிடம் சொல்லாத ஒன்றை உனக்கு எழுதுகிறேன். அக்டோபர் 27 காலையில் விளையாட்டு அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அங்கே இருக்கிற பெண்ணை உனக்குத் தெரியாது, புதியவள், கண்ணியமானவள். நான் கையெழுத்துப் போட்டு எழுந்தேன். அவள் நிறுத்தினாள்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு சார். அதைக் காலியா விடக்கூடாது."

"அதை அவகிட்ட கேட்டு எழுதிக்குங்க."

"அவங்க வெளிநாட்டுல இருக்காங்க. முதல் கோச் நீங்கதானே, உங்களுக்குத் தெரியாதா?"

சொந்தக் காரணம் என்று எழுதினேன். அவள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இது செல்லாது சார். விளையாட்டு சம்பந்தப்பட்ட காரணமா இருக்கணும்."

பேனாவை மூடி வைத்தேன். அவள் அவசரப்படுத்தவில்லை, எனக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். பிறகு எழுதினேன்: "எங்கள் குழுவில் இவளுக்கு இடம் இல்லை." அவள் படித்தாள். "இது சரி" என்று முத்திரை குத்தினாள்.

உன் ஆறு வயதிலிருந்து உன்னிடமும் ஊரிடமும் நான் சொல்லிவந்தது ஒன்றே ஒன்றுதான், நாட்டுக் குழுச் சட்டை உனக்கும் வரும் என்பது. அதற்கு நேர் எதிரானதை என் கையெழுத்திலேயே எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன். அது பொய் இல்லை, அதனால்தான் சொல்கிறேன். அந்த வாக்கியத்தைப் பொய்யாக்க உனக்கு இன்னும் வருஷம் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். இனி அதற்கு வழி இல்லை.

அல்மாத்தியில் ஏப்ரலிலேயே வெயில் ஏறிவிடும் என்று கேள்வி. தொப்பி இல்லாமல் பயிற்சிக்குப் போகாதே.

அப்பா